மூன்றாவது ஓலைக்கு முன்

என் அன்பு மகனுக்கு,

இந்த உறையை நான் ஒட்டவில்லை. நீ படித்த பிறகு யாருக்கு வேண்டுமானாலும் கொடு. போதகர் படிக்கட்டும், ஏரிக்கரைக் காலனியில் இன்னும் இருக்கிற நம் பழைய சபையார் படிக்கட்டும், உன் மாமன்மார் படித்துவிட்டு என்னைத் திட்டித் தீர்க்கட்டும். போன ஞாயிறு செங்கல்பட்டு தேவாலயத்தில் உன் கல்யாணத்துக்கு இரண்டாவது ஓலை வாசித்தபோது நான் பாதியில் எழுந்து வெளியே போனேன். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயித்திருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று மூன்று ஞாயிறு சபை முன்னால் வாசிப்பது நம் வழக்கம். வாசித்துவிட்டு போதகர் ஒரு மூச்சு நேரம் சும்மா நிற்பார். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், விசிறி ஓடுகிற சத்தம்தான் கேட்கும். அந்த ஒரு மூச்சு நேரத்தை என்னால் தாங்க முடியவில்லை. திரும்பி வரும்போது ரயிலில், "இன்னாப்பா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாய். வெயில் என்றேன். வெயில் இல்லை. மூன்றாவது ஓலை வருகிற ஞாயிறு. அதற்குள் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொன்ன பிறகு இந்தக் கல்யாணம் நடக்குமா, நடந்தால் அதில் எனக்கு இடம் உண்டா என்பது உன் கையில்தான் இருக்கிறது.

உன் கிருபாவின் அப்பா ஞானமுத்து அண்ணனை உனக்கு நன்றாக நினைவிருக்கும். மதுராந்தகம் ஏரிக்கு அந்தப் பக்கம் நம் காலனியில் தகரக் கூரை போட்ட ஜெபவீடு இருந்ததே, அங்கே நாம் பாடின பாட்டில் பாதிக்கு மேல் அவர் எழுதியது. படிப்பு எட்டாம் வகுப்பு. வேலை, மாமல்லபுரம் போகிற சாலையில் ஒரு கல் பட்டறையில் எழுத்து வெட்டுவது. கோயில் உபயக்காரர் பேர், கட்டடத் திறப்பு விழாக் கல், கல்லறைக் கல், எது வந்தாலும் அவர்தான். "எந்தச் சாமி பேரா இருந்தா இன்னா, எழுத்து நேரா நிக்கணும்" என்பார். உளியைத் தட்டும்போதே அவருக்குப் பாட்டு வரும். ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் அவ்வளவு நேரம் கிடைப்பதால், அவசரத்தில் விழுந்த சொல் என்று அவர் பாட்டில் எதுவும் இருக்காது. சாயந்தரம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது தலைமுடி, புருவம், காது மடல் எல்லாம் கல் தூள் படிந்து வெள்ளையாக இருக்கும். சின்ன வயசில் நீயும் உன் கூட்டாளிகளும் "பேய் வருது" என்று கத்திக்கொண்டு ஓடுவீர்கள். அவரும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு துரத்துவார்.

ஜனவரி ஒன்றாம் தேதி காலை ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை கொடுப்பது எல்லாச் சபையிலும் உண்டு. அந்த வருஷத்துக்கு உனக்கென்று ஒரு வேத வசனம், பூப் படம் போட்டு அச்சடித்தது. நம் ஜெபவீட்டில் அதை வாங்குவதில்லை. ஞானமுத்து அண்ணன் டிசம்பர் முழுக்க உட்கார்ந்து, வீட்டுக்கு ஒன்றாக இரண்டிரண்டு வரி தானே எழுதி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கொண்டுவருவார். கண்ணை மூடிக் கைவிட்டு எடுக்க வேண்டும். எது யாருக்குப் போகும் என்று தனக்கே தெரியாது என்பார். ஆனால் பலித்தது. மகன் ஓடிப்போன ஒரு அம்மாவுக்கு, "கதவு தட்டப்படும், முதல் தட்டுக்கே திற" என்று வந்தது. ஆடி மாதம் அந்தப் பையன் தாடியோடு வாசலில் நின்றான். வட்டிக்குக் கொடுக்கும் ஒருவருக்கு, "இந்த வருஷம் நீ கேட்கிற எல்லாம் உன் காதுக்குள்ளேயே கேட்கும்" என்று வந்தது. பங்குனிக்குள் அவருக்குக் காது அடைத்துப்போனது. ஜனங்கள் டின்னுக்குள் கைவிடும்போது சிரித்துக்கொண்டுதான் விடுவார்கள். எடுக்கும்போது சிரிப்பு இருக்காது. உன் அம்மா ஒவ்வொரு வருஷமும் என்னைத்தான் எடுக்கச் சொல்வாள், அவளுக்கு அவ்வளவு பயம்.

நீ ப்ளஸ் டூ படிக்க தாம்பரம் விடுதிக்குப் போன வருஷம் நான் எடுத்த அட்டை இது: "உன்னைக் கேட்பார்கள், என்னைத் தெரியும் என்று சொல்; தெரியாது என்றால் எனக்கு வலிக்காது, உனக்கு வலிக்கும்." ஆண்டவர் பேசுவது போல எழுதியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு சட்டைப் பையில் வைத்தேன். அந்த வருஷம்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஜெப நேரத்தில் வாசலில் பத்துப் பதினைந்து பைக் வந்து நின்று ஆக்சிலேட்டரை முறுக்கும். வெளியூரிலிருந்து வந்த சிலர் ஊருக்குள் கூட்டம் போட்டுப் பேசினார்கள். சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஜெபவீட்டுக்கு அனுமதி உண்டா, பட்டா உண்டா என்று மனுமேல் மனு. ஊர்க்காரர்களில் பாதிப் பேருக்கு இது பிடிக்கவில்லை, எனக்குத் தெரியும்; நாலு தலைமுறையாக ஒரே ஏரித் தண்ணீரில் நெல் விளைவித்துத் தின்றவர்கள். ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

நான் அப்போது ஏரியில் லஸ்கர், மதகைத் திறந்து மூடும் அரசாங்க வேலை. நம் ஜனங்களில் பலருக்கு இரண்டு பெயர் உண்டு என்பது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்திலும் தாலுகா ஆபீஸிலும் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று. கிறிஸ்தவன் என்று எழுதிக் கொடுத்தால் சாதிச் சான்றிதழ் மாறும், வேலையும் இல்லை. அந்தச் சான்றிதழில் நான் வாங்கின வேலை அது. அதைக் காட்டி வாங்கின சான்றிதழ்தான் உன்னிடமும் இருக்கிறது. ஒரு நாள் மத்தியானம் மதகுமேட்டில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். "அண்ணாத்த, நீ எந்த மதம்?" என்று ஒருவன் கேட்டான். "பேப்பர்ல இந்து. ஞாயித்துக்கெழமை இன்னாவா கீற? கலெக்டர் ஆபீஸ்ல கேட்டா இன்னா சொல்லுவ?" என்றான். மற்றவன் தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டினான். ஞானமுத்து என்பவர் அரிசியும் பணமும் தருவதாக ஆசை காட்டி இந்துவான என்னைக் கட்டாயப்படுத்தி மதம் மாற்றப் பார்த்தார் என்று அதில் இருந்தது. பிறந்ததிலிருந்து ஜெபவீட்டில் பாய் விரித்த நான், அந்தத் தாளைப் படித்தேன். சோறு கையில் காய்ந்துபோனது. சட்டைப் பையில் அந்த அட்டை இருந்தது, அது எனக்கு அந்த நேரம் நன்றாகவே தெரியும். கையைக் கழுவிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

உனக்காகப் போட்டேன், உன் ஃபீஸுக்காகப் போட்டேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய், நைனா. பயத்தில் போட்டேன். உன்னைச் சாக்காகப் பிடித்துக்கொண்டேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, எழுதாமலிருக்க அதைவிட வெட்கமாக இருக்கிறது. கல்யாணம் ஆகிப் பிள்ளை பிறந்த பிறகு உன் முன்னாலும் யாராவது ஒரு தாளை நீட்டுவார்கள். அப்போது பிள்ளை முகத்தை நினைத்துப் பார்க்காதே. அந்தத் தாளில் யார் பேர் இருக்கிறதோ அவர் முகத்தை நினைத்துப் பார். என் புத்திமதி இவ்வளவுதான், இதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது.

அண்ணனைப் போலீஸார் கூட்டிப்போனார்கள். பதினேழு நாள் உள்ளே இருந்தார். ஜெபவீட்டுக் கதவில் பூட்டுப் போட்டு அரக்கு வைத்தார்கள். பாட்டு நோட்டு, தபேலா, அந்த பிஸ்கட் டின் எல்லாம் உள்ளேயே மாட்டிக்கொண்டது. அவர் வெளியே வந்த அன்று காலனியே பஸ் ஸ்டாப்புக்குப் போனது. நான் மதகில் வேலை என்று போகவில்லை. பட்டறை வேலை போய்விட்டது என்றும், சம்சாரத்தின் ஊரான திருவிடந்தைப் பக்கம் கடற்கரைக்குக் குடிபோகிறார் என்றும் காதில் விழுந்தது. கையெழுத்துப் போட்டது நான் என்று யாருக்கும் தெரியாது. ஆறு மாதத்தில் செங்கல்பட்டு ஆபீஸுக்கு மாற்றல் வாங்கினேன், கூடுவாஞ்சேரியில் இந்த வீட்டைப் பிடித்தோம். காலனியில் யாருக்கும் நான் விலாசம் கொடுக்கவில்லை. உனக்கு அப்போது அது விநோதமாகப்பட்டது, "ஏம்ப்பா, யாரையும் கூப்பிட மாட்டியா?" என்று கேட்டாய். இனிமேல்தான் நீ நம்பக் கஷ்டப்படுவாய். நானும் பட்டேன்.

இங்கே வந்து முதல் ஜனவரி ஒன்றாம் தேதி காலை, பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தேன். படியில் ஒரு அட்டை கிடந்தது. பழைய நோட்டு அட்டையில் வெட்டினது. என் சபைப் பேர், கீழே இரண்டு வரி: "தெரு புதிது, விளக்கு புதிது, உன் நிழலை மட்டும் பழைய வீட்டிலிருந்து எடுத்து வந்தாய்." கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கல்லில் வெட்டிப் பழகினவர் என்பதால் அண்ணன் 'ழ'வின் காலை வளைக்க மாட்டார், நேராக இறக்கி நிறுத்துவார். அட்டையைப் பிடித்த விரலில் வெள்ளையாகத் தூள் ஒட்டியது. தெருவில் யாரும் இல்லை. தெருவில் இருந்த யாருக்கும் எனக்கு அப்படி ஒரு பேர் இருப்பதே தெரியாது. கண்டுபிடித்துவிட்டார், பழி வாங்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் போலீஸுக்குப் போவார், ஆபீஸுக்கு எழுதுவார் என்று ஒரு வருஷம் முழுக்கப் பயந்து திரிந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த ஜனவரி ஒன்றாம் தேதி இன்னொரு அட்டை வந்தது.

இப்படி வருஷம் தவறாமல் வந்தது. ஒன்றில்கூடத் திட்டு இல்லை, அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. ஒரு வருஷம், "மாடியில் காய்கிற துணியை எடுத்துவிடு, மழை உன்னிடம் சொல்லிக்கொண்டு வராது" என்று கேலி செய்வதைப் போல இருந்தது. அந்த ஐப்பசியில் நம் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றதும், இரண்டு நாள் மாடியிலேயே நாம் உட்கார்ந்திருந்ததும் உனக்குத் தெரியும். இன்னொரு வருஷம் வந்ததை நான் படித்துவிட்டுக் கிழிக்கப் பார்த்தேன், கை வரவில்லை. "அடுப்பு இரண்டு வேளை எரியட்டும், மூன்றாவது வேளைக்கு ஒருத்தியை என் பந்திக்கு அழைத்திருக்கிறேன்." அந்த மார்ச் மாதம், மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவள்தான் உன் அம்மா. சாயந்தரம் காப்பிக்குப் பால் வைக்க எழுந்திருக்கவில்லை. அவள் போவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரியும் என்பதை உன்னிடம் சொன்னதில்லை. தெரிந்தும் நான் டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை, என்ன சொல்லிக் கூட்டிப்போவேன்? அட்டையைக் காட்டினால் அவள் யார் எழுதியது என்று கேட்பாள், அங்கிருந்து எல்லாம் வெளியே வரும். என் கையெழுத்தை மறைக்க நான் கொடுத்த விலையில் அதுவும் சேர்த்தி. இதற்கு நீ என்னை மன்னிக்க வேண்டாம்.

வாசலில் கிரில் கேட் போட்டுப் பூட்டினேன், அட்டை கேட்டுக்கு உள்பக்கம் கிடந்தது. எதிர்வீட்டுக்காரர் கேமரா வைத்த வருஷம், திருட்டுப் பயம் என்று சொல்லி அவரிடம் அந்தக் காலைப் பதிவைக் காட்டச் சொன்னேன். விடிந்ததிலிருந்து நம் படி சுத்தமாகத் தெரிகிறது. கோலம் போடாத வெறும் படி. நான் கதவைத் திறக்கிறேன், குனிகிறேன், நிமிரும்போது கையில் அட்டை இருக்கிறது. "இன்னா சார், ஒண்ணும் இல்லியே" என்றார் அவர். ஒன்றும் இல்லைதான் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒருவேளை நானே எழுதி நானே எடுக்கிறேனோ என்றுகூட யோசித்தேன், ஒரு தாளில் அண்ணன் எழுத்தைப் போல எழுதிப் பார்த்தேன். என் 'ழ' வளைந்துதான் வந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஆவணியில் அண்ணன் இறந்துபோனார். செய்தி எப்படியோ வந்தது. நான் போனேன், ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிர்ப்பக்க பஸ் ஸ்டாப்பில், பாண்டிச்சேரி பஸ்ஸுக்கு நிற்பவனைப் போல நின்றுகொண்டு பார்த்தேன். சவுக்குத் தோப்புக்குள் கொண்டுபோனார்கள். பழைய பட்டறை முதலாளி திருநீற்று நெற்றியோடு பெட்டியின் ஒரு மூலையைத் தூக்கிக்கொண்டு போனார், அழுதுகொண்டே போனார். ஒலிபெருக்கி கூடாது என்று யாரோ சொல்லிவிட்டதால் வாயால்தான் பாடினார்கள், காற்று கடல் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. இனி அட்டை வராது என்று எனக்கு ஒரு நிம்மதி வந்தது பார், அதைவிடக் கேவலமான நிம்மதி என் வாழ்க்கையில் இல்லை. அந்த ஜனவரி ஒன்றாம் தேதி கதவைத் திறந்தேன். படியில் அட்டை இருந்தது. "இப்போது கை வலிக்கவில்லை, இனி நிறைய எழுதலாம்."

இந்த வருஷம் வந்தது பதினோராவது அட்டை. "என் வீட்டுப் பிள்ளை உன் வீட்டுத் தண்ணீரைக் குடிக்கும், அதற்கு முன் வாயைக் கழுவு." எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சித்திரையில் நீ வந்து, செங்கல்பட்டு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி, உனக்குத் தெரிந்த பெண்தான் அப்பா, நம் காலனி ஞானமுத்து ஐயா மகள் கிருபா என்று சொன்னபோது விளங்கியது. நான் உடனே சரி என்றதைப் பார்த்து நீ ஆச்சரியப்பட்டாய், சந்தோஷத்தில் என்னைக் கட்டிக்கொண்டாய். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டுமே என்ற பயத்தில் சொன்ன சரி அது. அவள் முதல் முறை நம் வீட்டுக்கு வந்தபோது, சமையலறைக்குப் போய்ச் சொம்பை எடுத்து நான் தண்ணீர் மொள்ளப் பட்ட பாட்டைப் பார்த்து, "அப்பாவுக்கு வெக்கம்" என்று நீ சிரித்தாய்.

இந்தத் திங்கட்கிழமை, டியூட்டி முடிந்து மூன்று மணிக்கு அவள் தனியாக வந்தாள். நீ வந்தவாசியில் வேலையில் இருப்பாய் என்று தெரிந்தே வந்திருக்கிறாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மாமா, ரெண்டு ஓலை ஆயிடுச்சு" என்றாள். "நீங்க ஏதாச்சும் சொல்லுவீங்கன்னு பாத்துகினே இருந்தேன்."

"எதைம்மா?" என்றேன். அப்போதும் எதைம்மா என்றுதான் கேட்டேன், பார்த்துக்கொள்.

"பதினாறு வயசுல அப்பாவோட கேஸ் பேப்பரெல்லாம் எடுத்துப் படிச்சேன். உங்க ஆபீஸ் பேர் போட்டு, உங்க ஸ்கூல் பேர்ல கையெழுத்து. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, அப்பா அதுகிட்ட சொல்லல. நானும் சொல்லல."

நான்தான் உட்கார்ந்தேன். "அவனுக்கு?" என்று கேட்டேன்.

"அவருக்குத் தெரியாது. நான் சொல்ல மாட்டேன், நீங்கதான் சொல்லணும். ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லலன்னா, பாஸ்டர் தடை உண்டான்னு கேக்கறப்ப நானே எழுந்து நிக்கறதா இருக்கேன்." பிறகு, "மொதல்ல அவர் கிட்ட பேசினதே இந்த வூட்ல எந்த மாதிரி ஆளுங்க கீறாங்கன்னு பாக்கத்தான் மாமா. ஏதாச்சும் தப்பு கிடைக்கும்னு ஆறு மாசம் பாத்தேன். டிரெயின்ல சீட்டு கிடைச்சா தூங்கிடறாரு, அது ஒண்ணுதான் கிடைச்சிச்சு" என்றாள். சொல்லும்போது சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. உன்னை அவள் எவ்வளவு விரும்புகிறாள் என்பது அப்போதுதான் எனக்கு முழுசாகத் தெரிந்தது.

பீரோவில் உன் அம்மா புடவைக்கு அடியில் வைத்திருந்த பதினோரு அட்டைகளையும் எடுத்து வந்து மேசைமேல் வைத்தேன். "உங்கப்பா எல்லா வருஷமும் எனக்கு எழுதினாரும்மா. நான் ஒரு பதில்கூடப் போடல" என்றேன். அவள் ஒன்றை எடுத்தாள், இரண்டை எடுத்தாள். விளக்கைப் போடச் சொன்னாள். 'ழ'வை விரலால் தடவிப் பார்த்தாள்.

"எழுத்து அப்பாவோடதுதான்" என்றாள். "ஆனா அப்பா எழுதல மாமா. உள்ள இருந்து வந்தப்புறம் அவரு ஒரு வரி எழுதல. எங்க, யாரு கைய ஒடச்சாங்கன்னு கடைசி வரைக்கும் சொல்லல. வலது கைல மூணு விரல் மடங்காது. உளி புடிக்க முடியாமத்தான் பட்டறை வேலை போச்சு. சோறு பெசஞ்சு அம்மாதான் ஊட்டும். வாய்ல சொல்லுங்கப்பா, நான் எழுதிக்கறேன்னு எத்தினியோ தரம் கேட்டேன். வரலம்மான்னுட்டாரு."

கை வலிக்கவில்லை என்ற அட்டையை அவளிடம் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை, அதையும் அவளே எடுத்துப் படித்தாள். படித்துவிட்டு மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். அவர் கை என்ன ஆனது என்று பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தரம்கூட நான் யாரிடமும் விசாரித்ததில்லை. ஒரு தாளில் நான் போட்ட நான்கு எழுத்துக்கு, ஒரு மனுஷனின் எழுத்து மொத்தமும் போயிருக்கிறது. போனது எங்கே வந்து சேர்ந்தது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அவளுக்கும் பயமாக இருந்திருக்க வேண்டும். வெளியே ஆட்டோ போகிற சத்தம் கேட்கும்வரை நாங்கள் இரண்டு பேரும் அந்த அட்டைகளைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தோம். கிளம்பும்போது, "இதுல ஒண்ணுகூட உங்களத் திட்டலியே மாமா. நானா இருந்தா ரெண்டாச்சும் திட்டி எழுதியிருப்பேன்" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லத் தனக்கு வரவில்லை என்றும் சொன்னாள். நான் கேட்கவும் இல்லை.

நாளை, சனிக்கிழமை காலை நீ வீட்டுக்கு வரும்போது இந்தக் கடிதம் மேசைமேல் இருக்கும். நான் வெளியே நடக்கப் போயிருப்பேன், நீ படித்து முடிக்க அவகாசம் வேண்டுமே. ஞாயிறு சபை முன்னால் நானே எழுந்து, கையெழுத்துப் போட்டவன் நான், அண்ணன் யாருக்கும் அரிசி கொடுத்து ஆள் சேர்த்ததில்லை என்று சொல்லப்போகிறேன். எழுதியும் கொடுப்பேன். அதனால் என் பென்ஷனுக்கு என்ன ஆகும், உன் சான்றிதழைப் பற்றி எவன் கிளப்புவான் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. உன்னைக் கேட்காமல் உன் தலையிலும் இதை வைக்கிறேன், அதுவும் என் தப்புதான். நீ வேண்டாம் என்றால் தேவாலயத்துக்கு வெளியே நின்று சொல்லிவிட்டுப் போகிறேன், உன் கல்யாணத்தில் என் முகமே தெரியாது. ஆனால் கிருபாவை மட்டும் இதற்காக விட்டுவிடாதே. நீ தேடினாலும் அப்படி ஒருத்தி கிடைக்க மாட்டாள்.

நேற்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். கிருபாவோடு திருவிடந்தைக்குப் போனேன். அவள் அம்மா வாசல் மணலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். சம்பந்தியாக வந்திருக்கிறேன் என்று நினைத்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். உட்காருங்கள் அக்கா என்று சொல்லி, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மதகுமேடு, தாள், கையெழுத்து. அவர் இறாலை உரித்துக்கொண்டே இருந்தார். பிறகு கிருபா அட்டைகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாள். மூன்றாவதிலேயே அவர் கை நின்றுவிட்டது. பதினொன்றும் முடிந்தபின் அட்டைகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். விரலில் ஒட்டின வெள்ளைத் தூளை முகர்ந்து பார்த்தார்.

"உள்ள இருந்து வந்ததுலேருந்து இந்த மனுசன் இங்க இல்ல தம்பி" என்றார். "உடம்பு இங்க குந்திகினு இருக்கும், கடலப் பாத்துகினு. எங்க போயிட்டய்யான்னு எத்தினி தரம் கேட்டிருப்பேன். தெர்லன்னுவாரு." அட்டையில் கையை வைத்து என்னை நிமிர்ந்து பார்த்தார். "இவ்ளோ வருசமும் உன் வூட்லதான் இருந்தாரா?"

"ஆமாக்கா" என்றேன்.

"அவர நல்லாப் பாத்துகினியா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. ஊருக்குப் போய் வந்தவரைப் பற்றி விசாரிப்பதைப் போலத்தான் கேட்டார். நான் அந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உன் அப்பா